உதைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஜூன் 3

அன்புத் தங்கச்சிக்கு,

பதினோரு மாடு, இருபத்துச் சொச்சம் ஆடு, எண்ணி முடிக்கவே விடாத கோழிகள், ஒரே ஒரு வான்கோழி ஆகிய சகல ஜீவராசிகளுக்கும் சக்கரவர்த்தியான உன் அண்ணன் எழுதுவது. சக்கரவர்த்தி சுகம். சாம்ராஜ்யமும் சுகம். உன் உடம்பு எப்படி? விடுதிச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்குகிறதா, இல்லை அங்கேயே நின்று யோசிக்கிறதா?

உன் மகள் மிளகு பத்திரமாக இருக்கிறாள். நீ பஸ் ஏறிய பிறகு அழுதாளா என்று கேட்பாய். அழுதாள். வீடு ஏரியாகிக் கரை உடைந்து, நான் படகு கட்டிக்கொண்டுதான் சமையலறைக்குப் போய் வந்தேன். பிறகு ஒரு கோழி வந்து அவள் செருப்பின் மேல் உட்கார்ந்தது. அழுகை நின்றது. கோழி எழுந்திருக்கட்டும் என்று அசையாமல் அரை மணி நேரம் நின்றாள். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

போனில் பேசலாமே என்றாய். இங்கே போன் இருப்பது பால் நிலையத்தில். அங்கே நான் வாயைத் திறந்தால், பால் ஊற்ற வந்தவர்கள் அத்தனை பேரும் கேனைக் கீழே வைத்துவிட்டு நம் குடும்பக் கதை கேட்பார்கள். ஊர்ப்பாலெல்லாம் திரிந்துபோகும். ஆகவே கடிதம்.

நீ பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே உன் மகள் தொழுவத்துக்குள் ஓடி, மகாராணியின் வாலைத் தடவப் பின்பக்கமாகவே போய்விட்டாள். மகாராணி நம் மூத்த பசு. அவள் உதைத்தால் மனிதன் அடுத்த ஊரில் போய் விழுவான். அந்த ஊர்க்காரர்கள் பரிதாபப்பட்டு அவனுக்குப் பெண்ணும் பார்த்துக் கட்டிவைத்துவிடுவார்கள். நான் பாய்ந்து பிள்ளையின் கவுனைப் பிடித்து இழுத்தேன். பிறகு வெள்ளையடிக்கிற வாளியைக் கொண்டுவந்து, மகாராணியின் பின்னங்கால்களைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பால் ஓர் அரைவட்டம் போட்டேன். அதற்கு உதைக்கோடு என்று பெயர். கோட்டுக்கு அந்தப் பக்கம் ராணிக்கு, இந்தப் பக்கம் நமக்கு.

"மாமா, ராணிக்கு நம்ம மேல கோவமா?" என்றாள்.

"கோவமே இல்ல. பின்னாடி யார் வர்றான்னு அவளுக்குத் தெரியாது. உனக்குப் பின்னாடி யாராவது சத்தமில்லாம வந்து தொட்டா என்ன பண்ணுவே?"

"கத்துவேன்."

"அவ காலாலதான் கத்துவா."

புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து கோட்டின் ஓரத்தில் கட்டைவிரலைச் சரியாக வைத்து நிற்கிறாள். ஒரு எறும்பு தாண்டினால்கூட அதட்டுகிறாள்.

உன் பதிலுக்காக வழியையே பார்த்து வழி தேய்ந்துபோன,
அண்ணன்


ஜூன் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு ஜலதோஷம் வந்து போய்விட்டது, மற்றபடி சுகம். உன் முட்டிவலி தேவலையா? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

இங்கே காலையில் வகுப்பு, மதியம் எக்ஸ்ரே அறையில் பயிற்சி. இன்று ஒரு முழங்கை, இரண்டு நெஞ்சு. மூச்சைப் பிடியுங்கள் என்றால் கூடவே கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்கிறார் ஒருத்தர். சிரிப்பை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

நீ எழுதுவதை நான் எப்போதுமே பத்தால் வகுத்துத்தான் படிப்பேன், அது உனக்கே தெரியும். ஏரி உடைந்தது என்றால் ஒரு டம்ளர் கண்ணீர். அடுத்த ஊரில் விழுவான் என்றால் மாடு காலை லேசாகத் தூக்கியிருக்கிறது. இத்தனை வருடத்தில் இந்தக் கணக்கு தப்பியதில்லை. ஆனால் மிளகு பின்பக்கமாகப் போனாள் என்பதை எதால் வகுப்பது? ஆறு வயதுப் பிள்ளை, அண்ணா. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு முடிந்து தேர்வில் தேறினால்தான் ஆஸ்பத்திரியில் வேலை. வேலை கிடைத்தால்தான் நானும் அவளும் ஒரே கூரையின் கீழ். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை உன்னிடம் விட்டேன். போன தடவை அவளுக்குக் காய்ச்சல் என்றதும் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவையும் அவள் மேல் ஒரு கீறல் விழுந்தால் அடுத்த பஸ்ஸில் இருப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் கை கழுவுகிறாளா?

தங்கை


ஜூலை 4

என் கடிதத்தையே வகுக்கத் துணிந்த தங்கச்சிக்கு,

சக்கரவர்த்தியின் வாக்கை வகுப்பவர்கள் தலை நூறு துண்டாகும். நூறைப் பத்தால் வகுத்தாலும் பத்துத் துண்டு மிஞ்சும், பார்த்துக்கொள். முட்டி பிரமாதம். நேற்று ஒரு மலையையே தாண்டினேன். (சாணக் குவியல்.) உன் ஜலதோஷம் முற்றாக விடைபெற்றதா, திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறதா?

மிளகின் கல்வி அதிவேகமாக நடக்கிறது. தர்பார் முறை என்று ஒன்று ஏற்படுத்தியிருக்கிறேன். மகாராணியைப் பார்க்கப் போகிறவர் தொழுவ வாசலில், அவள் கண்ணுக்குத் தெரியும் பக்கமாக நிற்க வேண்டும். ஓடக் கூடாது. தன் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். ராணியின் காது நம் பக்கம் திரும்பினால் உத்தரவு ஆயிற்று என்று அர்த்தம். மெதுவாகத் தோள்பக்கமாகப் போய்க் கழுத்தைத் தடவலாம். காது பின்னால் படிந்து வால் விசுக் விசுக்கென்று அடித்தால் இன்று தர்பார் கிடையாது. எல்லாம் நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

உன் மகள் முதல் நாள் போய் நின்றாள். "நான்தான் மிளகு. எங்கம்மா எல்லாருக்கும் எலும்புப் படம் எடுக்கறாங்க. நான் உள்ள வரலாமா?" மகாராணி அசைபோட்டுக்கொண்டே இருந்தாள். மிளகும் அசையவில்லை. கடைசியில் இடது காது மட்டும் திரும்பியது. பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் தொழுவத்துக்குத் தனியாக விளக்கு வேண்டியிருக்கவில்லை.

அடுத்து நம் வக்கீல். வக்கீல் என்பது ஆட்டுக்கிடா. உன்னை ஒரு காலத்தில் கூரைமேல் ஏற்றி மூன்று நாள் (சரி, முக்கால் மணி நேரம்) இறங்கவிடாமல் வழக்காடிய கிடாவின் சொந்தப் பேரன். அவருக்குத் தழை கொடுக்கும்போது உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரிக்க வேண்டும், விரலெல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு விரலைத் தனியாக நீட்டினால் அதையும் பீஸ் என்று வாங்கிக்கொள்வார்.

வான்கோழியின் பெயர் இன்ஸ்பெக்டர். பிள்ளை அலறிக்கொண்டு ஓட, அவர் துரத்த, அவள் இன்னும் அலற, பூமி இரண்டு தடவை சுற்றி வந்தது. நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன்: ஓடாதே, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில், பிறகு மெதுவாக விலகு. எந்த இன்ஸ்பெக்டரும் இதுவரை மரத்தைக் கைது செய்ததில்லை. இப்போது அவர் வந்தால் மிளகு மரமாகிவிடுகிறாள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சலித்துப்போய் ரோந்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

கை கழுவுகிறாள். சோப்புப் போட்டு, நகக்கண் உட்பட. கழுவாமல் ரொட்டியைத் தொட்டால் நானே கழுவிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் கழுவினால் பழைய தோல் போய்ப் புதுத்தோல் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நூற்றுக்கு நூறு உண்மையே எழுதும்,
அண்ணன்


ஆகஸ்ட் 12

அன்புத் தங்கச்சிக்கு,

போன கடிதத்துக்குப் பதிலைக் காணோம். தேர்வு நெருக்குகிறது போலிருக்கிறது. ராத்திரி கண் விழித்தால் காலையில் பாலாவது குடி. எலும்புப் படம் எடுப்பவளே எலும்பாகத் திரியக் கூடாது. இங்கே எல்லோரும் சௌக்கியம், ஒரு கோழிக்குஞ்சு தவிர. அதுவும் இப்போது சௌக்கியம். சொல்கிறேன்.

மிளகு ஒரு குஞ்சை ஆசையாகக் கவுன் பையில் போட்டுக்கொண்டு காலை முழுவதும் திரிந்திருக்கிறாள். தூங்கவைக்கிறாளாம். மத்தியானம் என்னிடம் கொண்டுவந்தாள். தலை தொங்கிவிட்டது. துணியில் சுற்றி, விளக்குச் சூட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். சாயங்காலம் "கிய்" என்றது. அந்தக் "கிய்" எட்டு ஊருக்குக் கேட்டது. உன் மகள் அழுத அழுகையைப் பற்றி இந்தத் தடவை ஏரி, படகு எதுவும் சொல்லப் போவதில்லை. சத்தமே இல்லாமல் அழுதாள்.

"நான் அதை அடிக்கவே இல்லியே மாமா. ஆசையாத்தானே வச்சிருந்தேன்."

"தெரியும். ஆனா அதுக்கு மூச்சு முட்டுச்சு. ஆசையா இருந்தா நீ தரையில உக்காரு, கையைக் கூடு மாதிரி மடியில வை. அதுவா வந்தா வரட்டும். போகணும்னா போகட்டும்."

இப்போது தினமும் தாய்க்கோழிக்குத் தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்து கையைக் கூடாக்கிக் காத்திருக்கிறாள். சில நாள் ஒரு குஞ்சு வருகிறது. சில நாள் வருவதில்லை. வராத நாளில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பிவிட்டு வந்துவிடுகிறாள். எனக்கு என்னமோ வராத நாளில்தான் அவள் அதிகம் கற்கிறாள் என்று தோன்றுகிறது. போதும், சக்கரவர்த்திகள் இவ்வளவு அடக்கமாகப் பேசக் கூடாது.

முக்கியச் செய்தி: மகாராணி அடுத்த மாதம் கன்று ஈனப்போகிறாள். இளவரசுக்கு முடிசூட்டு விழா நடத்துவதாக மிளகுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பிஸ்கட் டப்பாவிலிருந்த தங்கக் காகிதத்தில் கிரீடம் தயாராகிறது. உலகத்து மன்னர்கள் எல்லாம் பொறாமையில் புழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணன்


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். தூக்கம்தான் குறைவு. உன் முட்டிக்குப் புதுத் தைலம் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து தேய்.

கோழிக்குஞ்சு கதையை நான் வகுக்கவில்லை. அப்படியே படித்தேன்.

மிளகு அனுப்பிய படம் வந்தது. நான் எக்ஸ்ரே மெஷின் பக்கத்தில் நிற்கிறேன், என்னைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம். அவளிடம் சொல், எங்கள் அறையிலும் தரையில் ஒரு கோடு உண்டு. மஞ்சள். படம் எடுக்கும்போது கூட வந்தவர்கள் அதற்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். தினமும் யாராவது பாசத்தில் தாண்டி வந்துவிடுகிறார்கள். "இவர் எங்கப்பா, நான் கூட நிக்கறேன்" என்கிறார்கள். எக்ஸ்ரே கதிருக்கு அப்பா தெரியுமா, பிள்ளை தெரியுமா என்று சொல்லி அனுப்புவேன். இனிமேல் அதற்கும் உதைக்கோடு என்றே சொல்லப்போகிறேன்.

மகாராணி கன்று போட்டதும் மிளகை வேலிக்கு வெளியேயே நிறுத்து. கன்று போட்ட மாடு வேறு மாடு. கிரீடமெல்லாம் உன் தலைக்கு வைத்துக்கொள்.

தங்கை


செப்டம்பர் 19

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நலம். மிளகு நலம். நன்றாகச் சாப்பிடுகிறாள். மகாராணி கன்று ஈன்றது. காளைக்கன்று. தாயும் கன்றும் நலம். இரண்டு நாள் மழை பெய்தது. தைலம் கிடைத்தது. நீ நன்றாகப் படி.

அண்ணன்


செப்டம்பர் 24

அண்ணா,

என்ன நடந்தது?

உன் கடிதத்தை வாசித்தேன். திருப்பி வாசித்தேன். பத்தால் வகுக்க அதில் ஒன்றுமே இல்லை. மழை பெய்தது என்று எழுதியிருக்கிறாய். வெறுமனே மழை. உன் வாழ்நாளில் உன் ஊரில் வெறும் மழை பெய்ததே கிடையாது. மலை கரையும், மாடு மிதக்கும், தவளை வந்து வாடகைக்கு இடம் கேட்கும். மகாராணி கன்று போட்டதற்கு நீ ஆறு பக்கம் எழுதியிருக்க வேண்டும். கிரீடம் என்ன ஆயிற்று?

எழுத்தும் உன் எழுத்து மாதிரி இல்லை. வரி ஒவ்வொன்றும் மேல்நோக்கி ஏறுகிறது. படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய்.

பால் நிலையத்துக்குப் போன் போட்டேன். பால் வண்டி ஓட்டுபவர்தான் எடுத்தார். "எல்லாரும் நல்லா இருக்காங்க, கவலைப்பட வேண்டாம், படிப்புல கவனம் செலுத்துங்க" என்றார். "குழந்தை எங்கே?" என்றேன். மறுபடியும் அதே வாக்கியம், அதே இடத்தில் மூச்சு விட்டு. பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி.

பெட்டி கட்டிக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு உண்மை தெரிய வேண்டும். மிளகு சொல்லட்டும். அவள் வாயால் சொல்வதை வேறு யாராவது எழுதட்டும், நீ பேனாவைத் தொடக் கூடாது. ஒரு வாரம் பார்ப்பேன். வராவிட்டால் பஸ்.

தங்கை


செப்டம்பர் 27

(அன்புள்ள சகோதரிக்கு, பால் வண்டி ஓட்டுபவரின் மனைவி எழுதுவது. பிள்ளை சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் கீழே எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். உங்கள் அண்ணன் பக்கத்து அறையில் தூங்குவது போல் நடிக்கிறார்.)

அம்மா,

நான் நல்லா இருக்கேன். எனக்கு முன்பல்லு ஆடுது. நீ நல்லா இருக்கியா? மாமா நல்லா இல்ல. மாமாவை ராணி முட்டிருச்சு.

ராணி கன்னுக்குட்டி போட்டுச்சா, அன்னிக்கு நாங்க எட்ட நின்னு பாத்தோம். மறுநாள் மாமா கிரீடம் எடுத்துட்டு வந்தாரு. தோள்ல துண்டை அங்கி மாதிரி போட்டுக்கிட்டாரு. நான் வேலிக்கு வெளியதான் நின்னேன். மாமா கதவைத் திறந்து உள்ள போனாரு. குட்டி அந்தப் பக்கம், ராணி இந்தப் பக்கம், மாமா நடுவுல. "மாமா, அம்மாவுக்கும் குட்டிக்கும் நடுவுல போகக் கூடாதுன்னு நீதானே சொன்னே"ன்னு சொன்னேன். சக்கரவர்த்திக்கு அந்தச் சட்டம் கிடையாதுன்னாரு. பேரைச் சொல்லவே இல்ல. காதையும் பாக்கல. நான் பாத்தேன். காது பின்னாடி ஒட்டிக்கிச்சு. "மாமா, காது!"ன்னேன். அதுக்குள்ள ராணி தலையால ஒரே இடி. மாமா வேலியில மோதி விழுந்தாரு. அடுத்த ஊருக்கெல்லாம் போகல. இங்கயேதான் விழுந்தாரு.

எனக்கு உள்ள ஓடணும்போல இருந்துச்சு. ரொம்ப. ஆனா மாமா சொல்லியிருக்காரு, யாராவது உள்ள விழுந்தா நீ போகாதே, போனா ரெண்டு பேர் விழுந்து கெடப்பீங்க, பெரியவங்களைக் கூப்புடுன்னு. அதனால கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுட்டு, காலி பால் கேனைக் கரண்டியால அடிச்சேன். நிறுத்தாம அடிச்சேன். பால் வண்டி மாமா ஓடி வந்தாரு. அவர் தீவன வாளியை ஆட்டி ராணியை அந்தப் பக்கம் கூப்பிட்டாரு. அப்புறம் மாமாவை வேலிக்கு அடியில வெளிய இழுத்தாரு. மாமாவுக்குப் படம் எடுத்தாங்க. உன்ன மாதிரியே ஒருத்தங்க எடுத்தாங்க. நான் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னேன். விலா எலும்பு ரெண்டு விரிஞ்சிருக்காம். சிரிச்சா வலிக்குதாம். அதனால நான் எதுவும் சிரிப்பா பேசறதில்ல.

கிரீடத்தை வக்கீல் தின்னுட்டாரு.

ராணி கெட்டவ இல்லம்மா. குட்டியை யாரோ எடுக்க வந்துட்டாங்கன்னு நெனச்சுட்டா. அவ்வளவுதான். இப்பவும் நான் தெனமும் வேலிக்கு வெளிய நின்னு பேரைச் சொல்றேன். காதைத் திருப்பறா.

உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு மாமா சொன்னாரு. சொன்னா நீ ஓடி வந்துருவியாம், பரீட்சை எழுத மாட்டியாம். பால் வண்டி மாமாவுக்கு என்ன சொல்லணும்னு சொல்லிக்கொடுத்தாரு. அவர் நடந்துகிட்டே ஒப்பிச்சுப் பாத்தாரு.

நீ ஓடி வராதேம்மா. யாராவது விழுந்தா உள்ள ஓடக் கூடாது. பெரியவங்களைக் கூப்பிட்டாச்சு. இத எழுதற அத்தை இங்கயே இருக்காங்க, சமைக்கறாங்க, எனக்குத் தலை பின்னறாங்க. நீ பரீட்சை எழுதிட்டு மெதுவா நடந்து வா.

மிளகு


அக்டோபர் 4

என் தங்கமே மிளகு,

உன் கடிதம் வந்தது. பஸ்ஸுக்குக் காசு கையில் வைத்துக்கொண்டுதான் பிரித்தேன். கடைசி வரிகளைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். நீ சொன்னபடியே செய்கிறேன். ஓடி வரமாட்டேன். ஆடும் பல்லை நாக்கால் தள்ளாதே. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

இனி வருவது மாமாவுக்கு. நீ படிக்க வேண்டாம்.

அண்ணா, வலி எப்படி இருக்கிறது? மூச்சை ஆழமாக இழுக்க முடிகிறதா? வலிக்கிறதே என்று மேலாக மூச்சு விட்டுக்கொண்டிருக்காதே, நெஞ்சில் சளி கட்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமு. காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போ. எக்ஸ்ரே படத்தைத் தபாலில் அனுப்பு. உன் வாய்ச்சொல் எனக்கு வேண்டாம், படத்தைப் பார்த்து நானே தெரிந்துகொள்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், இனி திட்டலாம். உனக்குப் புத்தி இருக்கிறதா? ஆறு வயதுப் பிள்ளை வெளியே நின்று காது, காது என்று கத்துகிறது, நீ அங்கி போட்டுக்கொண்டு போய் நிற்கிறாய். என்னிடம் வேறு மறைக்கிறாய். நான் அவளுக்குத்தான் ஏதோ என்று நினைத்து, ஒரு வாரமாக எக்ஸ்ரே அறையில் வருகிற குழந்தை முகமெல்லாம் அவள் முகமாகத் தெரிந்தது. இனிமேல் பயமுறுத்தாமல் இருக்க வேண்டுமானால் தயவுசெய்து பொய்யாக எழுது. பெரிதாக எழுது. உண்மையாக எழுதிக் கொல்லாதே.

தங்கை


அக்டோபர் 19

வகுத்தல் கணக்கில் வல்லவளான என் தங்கச்சிக்கு,

மேலே வானம் இடிந்து விழுந்தபோது அதைத் தன் விலாவாலேயே தாங்கிப் பிடித்த மாவீரன் எழுதுவது. விலா தேறுகிறது. மூச்சை இழுத்தால் எதிர்வீட்டு வைக்கோல் போர் என் மூக்கில் வந்து ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவு ஆழமாக இழுக்கிறேன். காய்ச்சல் இல்லை. உனக்கு எப்படி? சாப்பிட்டாயா? என்னால் நீ சாப்பிடாத நாட்களை எல்லாம் சேர்த்துவைத்துச் சாப்பிடு.

படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உள்ளே பார்த்தால் இரண்டு விரிசலுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒன்று தெரியும். அது வெட்கம். அதற்கு மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சட்டம் போடுகிறவனுக்குச் சட்டம் கிடையாது என்று நினைத்தேன். மகாராணிக்கு அது தெரியவில்லை. அவளுக்கு நான் துண்டு போட்ட ஒரு ஆள், அவ்வளவுதான். விழுந்து கிடந்தபோது வேலிக்கு வெளியே அந்தச் சின்னக் காலைப் பார்த்தேன். உள்ளே வந்துவிடுவாளோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. கத்தவும் மூச்சில்லை. கால் ஒரு அடி முன்னால் வந்தது. நின்றது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பிறகு கேன் சத்தம். தங்கச்சி, உலகத்திலேயே அழகான சத்தம் எது என்று யாராவது கேட்டால், காலிப் பால் கேனில் கரண்டி படுவது என்று சொல். இதை வகுக்காதே.

உன்னிடம் மறைத்தது உன் பரீட்சைக்காக. பெரிதாக எழுதினால் நீ வகுத்துக் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்து சிறிதாக எழுதினேன். அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

இப்போது நிலவரம்: மிளகு என் கட்டிலைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டாள். யாரும் தாண்டிவந்து என்மேல் விழக் கூடாதாம். பால் வண்டிக்காரர் கோட்டுக்கு வெளியே நின்று பெயரைச் சொல்கிறார். நான் காதைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் இன்று தர்பார் கிடையாது என்று அவரை அனுப்பிவிடுகிறாள். எனக்குச் சாப்பாடுகூட உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரித்துத்தான் நீட்டுகிறாள்.

நேற்று மழை. தவளைகள் வாடகை பேச வந்தன. முன்பணம் வாங்கிக்கொண்டேன்.

இனி என்றென்றும் பொய்யாகவே எழுதும்,
அண்ணன்


டிசம்பர் 1

அன்புள்ள அண்ணனுக்கும் மிளகுக்கும்,

இருவரும் நலம்தானே? அண்ணா, இப்போது குனிய முடிகிறதா? உன் படத்தை எங்கள் வகுப்பில் எல்லோரும் பார்த்தார்கள். ஆசிரியர், எதில் அடிபட்டது என்று கேட்டார். முடிசூட்டு விழாவில் என்றேன்.

தேறிவிட்டேன். இங்கேயே ஆஸ்பத்திரியில் வேலையும் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு அறையும் சமையலறையும் பார்த்திருக்கிறேன். ஜன்னல் சின்னதுதான், ஆனால் எதிரே ஒருவர் கோழி வளர்க்கிறார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மிளகு, உன்னைப் பார்த்ததும் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்டைத் திறந்ததும் ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கொள்ளப் போகிறேன், தயாராக இரு.

அம்மா


டிசம்பர் 3

அம்மா,

இத நானே எழுதறேன். மாமா எழுத்து மட்டும் சொல்லித் தர்றாரு. நான் நல்லா இருக்கேன். பல்லு விழுந்துருச்சு, உனக்குக் காட்ட வச்சிருக்கேன். மாமா குனியறாரு. நீ நல்லா இருக்கியா?

நீ ஓடி வரக் கூடாது. முத்தத்துல கோழியெல்லாம் இருக்கும், பயந்துடும். கேட்டைத் தெறந்து உள்ள வந்து மறுபடி மூடு. கொக்கியைப் போடு. இன்ஸ்பெக்டர் வந்தா மரம் மாதிரி நில்லு. வக்கீல் வந்தாலும் கூரைமேல ஏறாதே, நான் அவரைக் கட்டிவச்சிடறேன். தொழுவத்தைச் சுத்தித் தள்ளி நடந்து வா. தண்ணித் தொட்டிகிட்ட சோப்பு இருக்கு. பஸ்ல வந்த கைய கழுவு.

நான் திண்ணைகிட்டப் புதுசா போட்ட உதைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நிப்பேன். ரொம்ப நாளா உன்னப் பாக்கல, அதனால நானும் பயந்துடுவேனோ என்னமோ. நீ எட்டவே நின்னு பேரைச் சொல்லு. அம்மான்னு சொன்னாப் போதும்.

என் காது திரும்பும். அப்ப வா.

மிளகு